அந்த இடத்தில் ஆள் உண்டு

குளச்சல் கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு ஐஸ் பிளாண்டின் உள்சுவரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு மச்சான் நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கிட்டார் வயிற்றோடு அணைந்திருக்கும். ஒரு கை ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டும், மறுகை கம்பியை முறுக்கும் சாவியை மயிரிழை மயிரிழையாகத் திருகும். முகத்தில் பரீட்சை எழுதுகிறவனின் கவலை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் முனகலும் கம்பியின் ஒலியும் ஒன்றாகும்வரை யாரும் பேசக்கூடாது. ஒன்றானதும் கண்ணைத் திறந்து, "செரி, துடங்குவோம்" என்பார். 2004-ஆம் வருடம் முழுவதும் எங்கள் குழுவின் ஒவ்வொரு பயிற்சியும் இப்படித்தான் ஆரம்பமானது.

மச்சான் என் தாய்மாமாவின் மூத்த மகன். அந்த பிளாண்டில் மெஷின் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. மாமா இறந்தபின் வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடியது. மதியம் ஐஸ் வண்டிகள் போனபிறகு உப்பு மூட்டை அடுக்கும் அறையை முதலாளி எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். மூட்டைகள் சத்தத்தை உள்ளேயே அமுக்கிவிடும் என்பதால் ஊருக்கும் தொந்தரவு இல்லை. நாங்கள் நாலு பேர். மச்சான் கிட்டார், நான் பேஸ் கிட்டார், பக்கத்து ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்த ஒருவர் டிரம்ஸ். அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவோம். பாடுவதற்கு மச்சானின் தம்பி. வீட்டில் சின்னவன் என்று அழைப்பார்கள், எங்களுக்கும் அவன் சின்னவன்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பத்தொன்பது.

ரேடியோ, டிவி பழுது பார்க்கப் படித்தவன் என்பதால் குழுவின் மின்சாரப் பொறுப்பு என்னுடையது. ஆம்ப்ளிஃபையரையும், கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டியையும் பழைய சாமான்களைக் கொண்டு நானே செய்தேன். அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு. ஆனால் கம்ப்ரஸரின் முனகலை மட்டும் என்னால் விரட்ட முடியவில்லை. எர்த் போட்டேன், வயரை மாற்றினேன், அறையையே தகரத்தால் மூடிப் பார்த்தேன். மைக்கில் அது இருந்தது, பாட்டுக்கு அடியில் அது இருந்தது, எங்கள் சுருதிக்கும் அதற்கும் ஒரு இழை இடைவெளி விழுந்து பல் கூசியது. கடைசியில் மச்சான்தான் சொன்னார்: "இந்த மிஷினு நம்மள விடாது மக்கா. நாம அதுக்க கூட போயிருவோம்." அப்படித்தான் உலகமெல்லாம் சேர்க்கிற சுருதியை விட்டுவிட்டு ஐஸ் பிளாண்டின் சுருதிக்கு நாங்கள் இறங்கினோம். இறங்கியதும் முனகல் காணாமல் போகவில்லை. எங்களோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தது.

இதனால் ஒருமுறை மானம் போனது. பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழா மேடையில் எங்களுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. அங்கே கீபோர்டு வாசிப்பவர் உதவிக்கு வருகிறேன் என்று கூடவே உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் எங்களுக்குப் பொருந்தவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருந்த ஒரு சந்தில் அல்லவா நாங்கள் குடியிருந்தோம்! பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. பங்குச்சாமியார் மெதுவாக மேடைக்கு வந்து, "பிள்ளைகளே, மெழுகுதிரி ஏற்றுகிற நேரமாயிற்று" என்று சொல்லி எங்களை இறக்கிவிட்டார். சின்னவன் மட்டும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். "ஊருக்கே சுருதி தப்பு, நமக்கு மட்டுந்தான் செரி" என்றான்.

அவன் குரலைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. வீட்டில் அவன் பாடவே மாட்டான், கூச்சம். கோயில் பாடற்குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயசைப்பான். உப்பு அறையின் கதவைச் சாத்தியதும் வேறு ஆளாகிவிடுவான். கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, எங்கள் கடற்கரைப் பேச்சிலேயே அவனாக எழுதிய வரிகளைக் கத்துவான். கத்தலின் முடிவில் குரல் உடையும். அந்த உடைவில் கம்ப்ரஸரின் முனகல் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். குரல் என்று நான் இங்கே எழுதுவது என் ஞாபகத்தை, அவன் குரலை அல்ல என்று இப்போது எனக்குத் தெரியும்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. சின்னவன் அப்போது ஐஸ் பிளாண்டில் இருந்தான். கிட்டார் கேபிளை அங்கேயே விட்டுவிட்டோம், போய் எடுத்துவா என்று அவனை அனுப்பியது மச்சான். மூன்றாம் நாள் கிடைத்தான். பிளாண்டின் சுவர்களில் ஒன்று மட்டும் நின்றது. கம்ப்ரஸர் மணலில் பாதி புதைந்து கிடந்ததை நானே பார்த்தேன். மாமி வீடும் போயிற்று. சின்னவன் இருந்த புகைப்படங்களும் போயின. கேபிள் விஷயத்தை மச்சான் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

ஒன்றரை வருடம் யாரும் கருவியைத் தொடவில்லை. 2006-இல் நான் திங்கள்நகரில் ஒரு பழுதுபார்க்கும் கடை போட்டேன். ஒரு நாள் மச்சான் வந்து, கடையின் பின்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கின வாசிக்கலாமா?" என்று கேட்டார். வாத்தியாரும் வந்தார். புதுக் கிட்டார், புது ஆம்ப்ளிஃபையர். சுருதி சேர்க்க எலக்ட்ரானிக் ட்யூனர் ஒன்றை நான் பெருமையாக எடுத்து நீட்டினேன். மச்சான் அதைத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பிறகு கம்பியை முறுக்கத் தொடங்கினார். "அது எனக்க காதுல கெடக்கு" என்றார். வேறு ஐஸ் பிளாண்டுகள் இருந்தனவே என்று கேட்கலாம். போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு மெஷினும் அதனதன் பெல்ட்டுக்கும் வயதுக்கும் தக்கபடி ஒவ்வொரு மாதிரி முனகியது. எதுவும் எங்களுடையது இல்லை.

பழைய பாட்டுகளையே வாசித்தோம். சின்னவன் பாட வேண்டிய இடம் வந்ததும் மச்சான் கிட்டாரை ஏறக்குறைய நிறுத்திவிடுவார், ஒரே ஒரு சுரம் மட்டும் மூச்சுவிடுகிற மாதிரி நீளும். நானும் வாத்தியாரும் அடியில் தாளத்தைத் தாங்கிக்கொண்டு போவோம். அவன் பாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், ஒரு அட்சரம் கூடாமல் குறையாமல். பிறகு மூவரும் சேர்ந்து எழும்புவோம். புதிதாகச் செய்த பாட்டுகளிலும் அதே மாதிரி ஒரு இடம் விட்டார். இல்லாத ஒருவனுக்காகப் பாட்டு கட்டுவது என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அந்த இடம் வரும்போது வாத்தியார் எப்போதும் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கோ, யாரோ மூச்சை இழுத்துப் பாடப்போகிற மாதிரியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன்.

திருவனந்தபுரத்தில் கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் முறை, வெற்றிடம் வந்ததும் பையன்கள் ஊளையிட்டார்கள், மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து. இரண்டாம் பாட்டில் அடங்கினார்கள். மூன்றாம் பாட்டில் அந்தக் கூடமே எங்களோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்தது. பிறகு கொச்சியிலிருந்து இணையத்தில் இசை பற்றி எழுதுகிறவர்கள் வந்தார்கள். எங்கள் இசை வருடாவருடம் இருண்டுகொண்டும் கனத்துக்கொண்டும் போகிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது என்று எழுதினார்கள். மௌனத்தை ஒரு வாத்தியமாக்கியவர்கள் என்றும் ஒருவர் எழுதினார். வாத்தியார் அதை அச்செடுத்துப் பள்ளி ஓய்வறையில் எல்லாரிடமும் காட்டினார். நாங்கள் வளர்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார்.

இருண்டதற்குக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். என் பேஸ் கிட்டாரின் கம்பிகள் தொளதொளத்து அடிக்கடி கடகடத்ததால், ஒரு நாள் ட்யூனரை எடுத்து எங்கள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். 2006-இல் இருந்த சுருதியைவிட 2007-இல் ஒரு இழை கீழே. 2008-இல் இன்னும் கீழே. ஒரு நாளும் மேலே போகவில்லை. மச்சானின் காதில் கிடந்த மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, சத்தியமாக அதைக் கேட்டுத்தான் கம்பியை முறுக்கினார். நான் என்ன செய்தேன்? கொஞ்சம் தடித்த கம்பி வாங்கி மாட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அந்த ஒரு சுருதிதான் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

2012-இல் கொச்சியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தார் எங்கள் பாட்டுகளை ஆல்பமாகக் கொண்டுவர முன்வந்தார்கள். ஒரே நிபந்தனை, பாட ஆள் வேண்டும். வாத்தியார் களியக்காவிளையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார். தங்கமான குரல், தங்கமான பையன். மச்சான் மறுக்கவில்லை, வாசித்தார். அந்த இடம் வந்தது. பையன் கண்ணை மூடிப் பாடினான். நாலு வரி போவதற்குள் மச்சான் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்திவிட்டார். "நீ நல்லா பாடுக மக்கா. குத்தம் ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா அந்த இடத்துல ஆளு உண்டு." பையன் என் முகத்தைப் பார்த்தான். அறையின் காலி மூலையைப் பார்த்தான். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வாத்தியார் குச்சிகளைத் தரையில் எறிந்தார். "எட்டு வருசம்! இன்னும் எத்தன வருசத்துக்கு ஒரு செத்த பையனுக்கு நாம தாளம் போட?" என்று கத்தினார். மச்சான் அசையவே இல்லை. "நான் அவன விட்டா அவன் போயிருவான் வாத்தியாரே. சுருதி இருக்குமட்டும் அவன் இருப்பான்" என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். கோபத்தில் சொன்னேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "மச்சான், நீங்க புடிச்சு வச்சிருக்கது அந்த மிஷினுக்க சத்தம் இல்ல. வருசாவருசம் எறங்கிட்டே போவுது. நான் அளந்து பாத்தாச்சு." மச்சான் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தார். "எப்பந்தொட்டு தெரியும் உனக்கு?" என்றார். நாலு வருடமாக என்றேன். "நாலு வருசம் சொல்லாம இருந்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைக்கு ஃபோன் செய்து, டேப் ரிக்கார்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றார். குரலில் அப்படி ஒரு துடிப்பு. மஸ்கட்டில் இருந்த அவருடைய அக்கா விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் பெட்டியில் ஒரு கேசட் இருந்தது. 2004 நவம்பரில் எங்கள் பயிற்சியை உப்பு அறையிலேயே பதிவு செய்து, மஸ்கட்டுக்குப் போன ஒரு உறவினர் கையில் மச்சான் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்கு அது நினைவே இல்லை. தம்பி இறந்தபின் அக்காவுக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை. எட்டு வருடம் துணிகளுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். "இதுல அவனும் உண்டு, மிஷினும் உண்டு. இனி அளக்க வேண்டாம், கேட்டா போதும்" என்றார் மச்சான்.

அலைக்குப்பின் கட்டிக்கொடுத்த குடியிருப்பில், அந்தச் சிறிய முன்னறையில், நானும் அவரும் தரையில் உட்கார்ந்தோம். என் டேப்பில் போட்டோம். சின்னவன் பாடினான். எட்டு வருடம் காலியாக இருந்த இடத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்த மாதிரி பாடினான். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் இரண்டு நிமிடத்தில் அவர் முகம் மாறியது. "இவ்வளவு பிஞ்சா இருந்தான் அவன்?" என்றார். பக்கத்து வீட்டு டேப்பை வாங்கிவந்து அதிலும் போட்டோம். அதில் குரல் தடித்து, முப்பது வயது ஆளாகப் பாடினான். மெஷினின் முனகலும் அவனோடு கூடவே இறங்கிவிட்டது.

என் தொழில் இது, எனக்குத் தெரியும். டேப்பின் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடினால் குரல் ஏறும், மெதுவாக ஓடினால் இறங்கும். எந்த இரண்டு டேப்பும் ஒரே வேகத்தில் ஓடாது. அன்று பதிவு செய்த டேப் அலையோடு போய்விட்டது. அது என்ன வேகத்தில் ஓடியது என்று சொல்ல ஆளில்லை. மெஷின் இல்லை, டேப் இல்லை, அவன் இல்லை. இதையெல்லாம் மச்சானுக்கு மெதுவாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வேகத்த மாத்த ஒக்குமா?" மாற்றலாம். மோட்டாரின் பின்னால் ஒரு சிறு துளை, உள்ளே ஒரு ஸ்க்ரூ. என் டேப்பைப் பிரித்து, மெல்லிய திருப்புளியை நுழைத்தேன். "பைய... இன்னும் பைய" என்று அவர் சொல்லச் சொல்ல நான் திருகினேன். சின்னவன் எங்கள் முன்னால் வளர்ந்தான், சிறுத்தான், மறுபடி வளர்ந்தான். எந்த இடத்திலும் அவன் அவனாகத்தான் இருந்தான், எந்த இடத்திலும் கொஞ்சம் வேறு யாரோவாகவும் இருந்தான். திடீரென்று மச்சான் என் கையைப் பிடித்தார். "நில்லு. இதுதான். இது அவன்தான்." கண்ணீர் தாடைவரை வழிந்திருந்தது. என்னால் அப்படிச் சத்தியம் செய்திருக்க முடியாது. ஆனாலும் ஆமாம் என்றேன்.

அப்போது மாமி அடுக்களையிலிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். மச்சானின் அம்மா, சின்னவனின் அம்மா. பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ரசித்துத்தான் கேட்டார்.

"யாருலே இது பாடுகது?" என்றார். "நல்ல சத்தம்."

நான் குனிந்துகொண்டேன். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சான் அம்மாவின் முகத்தைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. கடைசியில், "பழைய சேக்காளி ஒருத்தன், அம்மா" என்றார். மாமி, ஓ என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அவன் வீட்டில் பாடியதே இல்லை என்பதால் தெரியவில்லையா, நாங்கள் திருகி நிறுத்திய இடம் தவறா, எட்டு வருடத்தில் ஒரு தாய்க்கும் குரல் கரைந்துபோகுமா? நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்த வாரம் மச்சானே களியக்காவிளைக்குப் போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தார். கடைக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. "அந்த ட்யூனரத் தா" என்றார். ஊர் உலகம் சேர்க்கிற சுருதியில் கம்பிகளைச் சேர்த்தார். பாட்டுகள் எல்லாம் ஒரேயடியாக மேலே ஏறிப் பளிச்சென்று ஆகிவிட்டன. பையன் எல்லா இடத்திலும் நிறைத்துப் பாடினான். கொச்சியில் பதிவும் நடந்தது. பழைய ஆழம் போய்விட்டது என்று அதே இணையக்காரர்கள் எழுதினார்கள். எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், நேர்மையான ஆல்பம். இரண்டு வருடத்தில் குழு கலைந்தது. சண்டையெல்லாம் இல்லை. வாத்தியாருக்கு மாற்றல், பையனுக்குச் சினிமா ஆசை. மச்சான் இப்போது தோஹாவில் குளிர்பதன வேலை செய்கிறார். ஃபோனில் எல்லாம் பேசுவார், இசை பற்றி மட்டும் பேசமாட்டார்.

கேசட்டும் டேப்பும் என் கடையில் இருக்கின்றன. போகும்போது மச்சான் எடுத்துக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. மோட்டாரின் ஸ்க்ரூவை அதற்குப்பின் நான் தொட்டதில்லை.

திங்கட்கிழமைச் சந்தைக்கு வரும்போது மாமி என் கடையில் கொஞ்ச நேரம் உட்காருவார். முட்டுவலி, பேரப்பிள்ளைகளின் படிப்பு, மீன் விற்கிற விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அந்தப் பையனுக்க பாட்டப் போடு மக்கா" என்பார். முதல் முறை கேட்டபோது கேசட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். இப்போது பழகிவிட்டது. போடுவேன். மாமி கண்ணை மூடிக் கேட்பார். தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்தும் தெரியாததுபோல் கேட்கிறாரா என்று அவர் முகத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன். பிடி கிடைப்பதில்லை.

போன மாதம் பாட்டு முடிந்ததும் அவராகவே கேட்டார்.

"இவன் இப்ப எங்க இருக்கான்?"

"வெளியூர்ல, மாமி."

"கல்யாணம் களிஞ்சாச்சா?"

"இல்ல, மாமி."

மாமி டேப்பின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"அவனுக்கு அம்ம உண்டா?"

"உண்டு, மாமி."

"அப்ப செரி" என்றார். "இன்னொருக்க போடு."